குற்றப்பத்திரிகை யாருடைய கூற்று?

ஆசிரியருக்கு,

வணக்கம்.

குற்ற வழக்குச் செய்திகளில் 'குற்றப்பத்திரிகை', 'குற்றச்சாட்டுப் பதிவு', 'குற்றம் உறுதி' ஆகிய சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகத் தமிழ் நாளிதழ்களில் அச்சாகிவருவதைப் பற்றியும், அதனால் வழக்கில் சிக்கியவருக்கும் செய்தியை நம்பிப் படிப்பவருக்கும் நேரும் தீங்கைப் பற்றியும் இக்கடிதத்தை எழுதுகிறேன். மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் குற்றவியல் பிரிவில் பணியாற்றிச் சிரஸ்தாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை அலுவலராக) ஓய்வுபெற்றவன் என்பதால், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தக் காகிதம் இருக்கிறது, அதில் கையெழுத்திட்டவர் யார் என்பதை நான் அறிவேன். செய்தியைப் படிப்பவருக்கும் அது தெரிய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காவல் துறையின் வழியாக வரும் ஒரு பெரிய வழக்கு தீர்ப்பை எட்டுவதற்குள், ஒருவர்மீது குற்றம் சாட்டுகிற காகிதங்கள் மூன்று எழுதப்படுகின்றன. முதலாவது புகார் கொடுத்தவரின் கூற்று. இரண்டாவது புலன்விசாரணை அதிகாரியின் கருத்து. மூன்றாவது நீதிபதியின் ஆணை. இவற்றில் எதுவும் தீர்ப்பு அல்ல.

முதல் காகிதமான முதல் தகவல் அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எஃப்.ஐ.ஆர். என்ற பெயரில் மக்கள் அதை நன்கு அறிவார்கள். ஒன்றை மட்டும் செய்தியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு உரிய பிரிவு 154. புலன்விசாரணை முடிந்து அனுப்பும் அறிக்கைக்கு உரிய பிரிவு 173. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலோ 173 என்பது முதல் தகவல் அறிக்கையின் பிரிவாகிவிட்டது. புலன்விசாரணை அறிக்கை 193-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டத்தின்படியே தொடர்வதால், '173-ஆம் பிரிவின்படி' என்று மட்டும் எழுதினால் அது வழக்கின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, புலன்விசாரணையின் முடிவைக் குறிக்கிறதா என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும். எந்தச் சட்டத்தின் பிரிவு என்பதையும் சேர்த்து எழுதுவது இப்போது கட்டாயமாகிவிட்டது.

குழப்பத்தின் வேர் இரண்டாவது காகிதத்தில்தான் இருக்கிறது. புலன்விசாரணை முடிந்ததும் காவல் அதிகாரி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்பும் அறிக்கையையே நாம் குற்றப்பத்திரிகை என்கிறோம். ஆனால் சட்டத்தின் அந்தப் பிரிவு அதைக் 'காவல் அறிக்கை' என்றுதான் குறிக்கிறது. சார்ஜ் ஷீட் என்ற பெயர் காவல் துறையின் விதித்தொகுப்புகளிலும் வழக்கத்திலும் வேரூன்றியது. அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வரிசையாகக் கூறுகையில், குற்றம் ஏதேனும் நடந்திருப்பதாகத் தோன்றுகிறதா, அப்படித் தோன்றினால் அதைச் செய்தவர் யார் என்பதை எழுதும்படி கேட்கிறது. தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி; மெய்ப்பிக்கப்பட்டதா என்பது அன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி தொடர்பான வழக்கில் 1991-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, குற்றப்பத்திரிகை என்பது அந்தப் பிரிவின்படியான அறிக்கையே என்றும், நீதிமன்றம் விசாரிக்கப் போதுமான சாட்சியம் தமக்குக் கிடைத்திருக்கிறது என்று அதிகாரி நடுவருக்குத் தெரிவிக்கும் தகவலே அது என்றும் விளக்கியது. சாட்சியத்தை எடைபோடுவது அந்த அதிகாரியின் வேலையன்று.

இதைத் தமிழில் சொல்லும்போது ஒரு கூடுதல் இடர் சேர்ந்துகொள்கிறது. 'குற்றச்சாட்டு' என்ற சொல்லில், யாரோ ஒருவர் இன்னொருவர்மேல் சாட்டுகிறார் என்ற பொருள் உள்ளேயே நிற்கிறது. 'குற்றப்பத்திரிகை' என்ற சொல்லில் அந்தச் சாட்டு விடுபட்டுப்போய், குற்றமும் காகிதமும் மட்டும் மிஞ்சுகின்றன. ஆகவே, 'மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல்' என்று படிக்கும் சாதாரண வாசகர், அந்த மூவரின் குற்றமும் எழுத்தில் ஏறி முடிந்துவிட்டதாக எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சு வழக்கத்தில் ஊன்றிவிட்ட சொல்லை இனி மாற்றவும் முடியாது. மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அதனுடன் அதைத் தாக்கல் செய்தவரின் பெயரைச் சேர்க்கலாம். 'காவல் துறை தனது குற்றப்பத்திரிகையில் கூறியிருப்பதாவது' என்ற ஒரு தொடர், விடுபட்ட சாட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகும் நாளுக்கே தனி முக்கியத்துவம் தந்து எழுதுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கைது செய்யப்பட்டவர் காவலில் இருக்கும்போது, குற்றத்தின் தன்மைக்கு ஏற்ப 60 அல்லது 90 நாள்களுக்குள் புலன்விசாரணையை முடித்து அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால், பிணையில் செல்லும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள்; மற்றவற்றுக்கு 60 நாள். கெடு நெருங்கும்போது அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்துசேர்வது அன்றாட நடைமுறை. அதை 'வழக்கில் திடீர்த் திருப்பம்' என்று எழுதுவது பொருந்தாது. தாக்கல் நடந்த வேகத்துக்கும் உள்ளே இருக்கும் சாட்சியத்தின் வலுவுக்கும் தொடர்பு கிடையாது.

குற்றப்பத்திரிகையோடு இணைக்கப்படும் ஆவணங்களிலிருந்து எடுத்து வெளியிடும் செய்திகளில் இதைவிடப் பெரிய பிழை நடக்கிறது. காவல் அதிகாரி சாட்சிகளிடம் விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதே சட்டம். நீதிமன்றக் கூண்டில் ஏறி அந்தச் சாட்சி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டுவதற்கு அது பயன்படுமே தவிர, தன்னளவில் அது சாட்சியம் ஆகாது. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை அப்படிக் கூறியவருக்கு எதிராக மெய்ப்பிக்கவே முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இதைச் சொன்னது, புதிய சட்டமும் சொல்கிறது. ஒப்புதலின் விளைவாகக் கண்டெடுக்கப்பட்ட பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதிக்கு மட்டுமே விலக்கு உண்டு. அப்படியிருக்க, நீதிபதியே படித்து முடிவெடுக்கக் கூடாத ஒன்றைப் 'பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பில் இலட்சக்கணக்கான வாசகர்கள் படித்து முடிவெடுத்துவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கைகளைச் சில விலக்குகளுடன் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றமே, 2023 ஜனவரியில் குற்றப்பத்திரிகைகளைப் பொது இணையதளத்தில் வெளியிடக் கோரிய மனுவை ஏற்க மறுத்து, அது பொது ஆவணம் அல்ல என்றும், வெளியிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், புலன்விசாரணை அமைப்பு ஆகிய எல்லோருடைய உரிமைகளும் பாதிக்கப்படலாம் என்றும் கூறியது. எனவே குற்றப்பத்திரிகையின் உள்ளடக்கம் செய்தியாளரின் கைக்கு வரும்போது, வழக்கில் தொடர்புள்ள ஏதோ ஒரு தரப்பின் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. அந்தத் தரப்பு எது என்று குறிப்பிடாத செய்தியை நான் முழுமையான செய்தியாகக் கருதமாட்டேன்.

அறிக்கை வந்த பிறகு நடுவர் அதைக் கோப்புக்கு எடுக்க, அதாவது வழக்காக ஏற்க வேண்டும். இது வெறும் முத்திரை குத்தும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். குற்றம் ஏதும் இல்லை என்று காவல் துறை வழக்கை முடித்து அறிக்கை தந்தாலும், அதை ஏற்காமல் வழக்கைத் தாமே கோப்புக்கு எடுக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தே தீர வேண்டும் என்று காவல் துறைக்கு ஆணையிட மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. 1967-லேயே உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைக் கோடிட்டுக் காட்டிவிட்டது. முடிப்பு அறிக்கையை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புத் தந்து அவரைக் கேட்க வேண்டும் என்பது 1985-இல் வந்த தீர்ப்பு. இவ்வளவு இருந்தும் 'வழக்கு முடித்துவைப்பு' என்ற தலைப்பு, காவல் துறை அறிக்கை தந்த அன்றே வந்துவிடுகிறது.

மூன்றாவது காகிதம்தான் சட்டம் 'குற்றச்சாட்டு' என்று பெயரிட்டு அழைப்பது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் தமிழ்த் தீர்ப்புகளில் இதற்கு ஓர் அழகிய சொல் உண்டு: குற்றச்சாட்டு வனைதல். நாளிதழ்களில் 'குற்றச்சாட்டுப் பதிவு' என்று வருவது இதுவே. 'எதிரிமீது குற்றச்சாட்டு வனையப்பட்டு, படித்துக் காட்டி விளக்கி வினவியபோது, எதிரி குற்றத்தை மறுத்தார்' என்ற வாக்கியத்தை எத்தனையோ தீர்ப்புகளில் படியெடுத்திருக்கிறேன். எதிரி என்பது நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும். இதை எழுதுபவர் நீதிபதி. காவல் அறிக்கையையும் இணைப்புகளையும் படித்து, இருதரப்பு வாதத்தையும் கேட்டு, இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு எதிராக, இன்ன பிரிவின்கீழ் வரும் குற்றத்தைச் செய்ததாக என்று குறிப்பாக அவர் எழுதுகிறார். காவல் துறை போட்ட பிரிவுகள் சில இங்கே கழிந்துபோகலாம், புதியவை சேரலாம், தீர்ப்பு உரைக்கும் வரை எந்த நேரத்திலும் குற்றச்சாட்டைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மேற்கொண்டு நடத்தப் போதிய ஆதாரம் இல்லையென்றால் அந்தக் கட்டத்திலேயே எதிரியை விடுவித்துவிடலாம். புதிய சட்டப்படி அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்ற வழக்கில் விடுவிப்பு மனுவை, நடுவர் அந்த நீதிமன்றத்திடம் வழக்கை ஒப்படைத்ததிலிருந்து 60 நாள்களுக்குள் தாக்கல் செய்யலாம். குற்றச்சாட்டு குறித்த முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாள்களுக்குள் அதை வனைய வேண்டும்.

நீதிபதியே எழுதுகிறார் என்பதால் இதையாவது 'குற்றம் உறுதி' எனலாமா என்றால், கூடாது. குற்றம் செய்திருப்பார் என்று ஊகிப்பதற்கு அடிப்படை இருக்கிறதா என்பது மட்டுமே அப்போது அவர் முன் உள்ள வினா. வலுவான சந்தேகம் இருந்தாலே குற்றச்சாட்டு வனையப் போதும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது; அதே சந்தேகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் தண்டனைக்குப் போதாது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் சாட்சி விசாரணை முழுவதும் நடக்கிறது.

இவை வழக்கறிஞர்களின் நுணுக்கங்கள்தானே, வாசகருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் நிலை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் இசைவோடு ஒரு வழக்கைத் திரும்பப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றச்சாட்டு வனைவதற்கு முன் திரும்பப் பெற்றால் எதிரி விடுவிக்கப்படுகிறார். வனைந்த பின் என்றால் விடுதலை செய்யப்படுகிறார். இரண்டையும் நாம் 'விடுதலை' என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரணைக் கூண்டில் ஏற்ற முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் விடுவிப்பு விடுதலை ஆகாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது.

தேர்தலிலும் இப்படித்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33ஏ பிரிவு, இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காக நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த நிலுவை வழக்கை வேட்பாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குற்றச்சாட்டு வனையப்பட்ட கட்டத்திலேயே, உரிய பாதுகாப்புகளோடு, தகுதி நீக்கம் செய்யலாம் என்று சட்ட ஆணையம் தனது 244-ஆவது அறிக்கையில் 2014-இல் பரிந்துரைத்தது. அப்படியொரு தகுதியின்மையை நீதிமன்றம் புதிதாகச் சேர்க்க இயலாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. நாடு முழுவதும் விவாதித்த இந்தக் கேள்வி முழுக்க முழுக்க மூன்றாவது காகிதத்தைப் பற்றியது. அதை இரண்டாவது காகிதத்தின் பெயரால் எழுதினால், காவல் அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டாலே மக்கள் பிரதிநிதி பதவி இழக்க வேண்டும் என்று யாரோ கேட்டதாகப் பொருளாகிவிடும். அப்படி யாரும் கேட்கவில்லை.

அரசு ஊழியர்களின் துறை நடவடிக்கைச் செய்திகளில் இன்னொரு தனிக் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(ஏ), 17(பி) ஆகியவற்றின்கீழ் வழங்கப்படுவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அலுவலகத்தில் எல்லோரும் சார்ஜ் மெமோ என்பார்கள். சிறு தண்டனைக்கு முந்தையது, பெருந்தண்டனைக்குப் பிந்தையது. இது மேலதிகாரி ஊழியரிடம் விளக்கம் கேட்கும் ஆவணம். குற்றவியல் நீதிமன்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பதவி உயர்வைக் கிடப்பில் வைக்கும் 'மூடி முத்திரையிட்ட உறை' நடைமுறையைக்கூட, துறை நடவடிக்கையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ குற்ற வழக்கில் குற்றப்பத்திரிகையோ வந்த பிறகே கையாள முடியும், வெறும் பூர்வாங்க விசாரணை நிலுவையில் இருப்பது போதாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தாமதமாக வந்ததற்கோ கோப்பைத் தவறவிட்டதற்கோ மெமோ வாங்கிய ஓர் எழுத்தரைப் பற்றி 'குற்றப்பத்திரிகை வழங்கப்பட்டது' என்று அச்சிட்டால், அவருடைய பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகும் இடத்தில் அது என்னவாக ஒலிக்கும் என்பதை ஆசிரியர் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமலாக்கத் துறை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் சிறப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை அன்று, புகார் மனுவே. சட்டத்தின் சொல்லும் அதுதான். காசோலை திரும்பிய வழக்குகளும் காசோலையைப் பெற்றவர் கொடுக்கும் புகாரில் தொடங்குபவை. அவற்றில் காவல் அறிக்கை என்ற ஒன்றே கிடையாது.

வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வழக்குகளிலும் நியூயார்க் மாநிலத்திலும் கடுங்குற்றங்களுக்குப் பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) என்ற குடிமக்கள் குழு கூடி, பொதுவாக அரசுத் தரப்பை மட்டும் கேட்டு, 16 முதல் 23 பேர் வரை உள்ள அக்குழுவில் குறைந்தது 12 பேர் உடன்பட்டால் குற்றச்சாட்டை நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது. அங்கே கையெழுத்துக்குப் பின்னால் நிற்பவர் காவல் அதிகாரியும் அல்லர், வழக்கை விசாரிக்கும் நீதிபதியும் அல்லர். டொனால்ட் டிரம்ப்மீது 2023 மார்ச்சில் நியூயார்க்கில் பெருநடுவர் குழு குற்றம் சாட்டியது. வழக்கு விசாரணையைக் கேட்ட வேறொரு நடுவர் குழு (ஜூரி) அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தது 2024 மே மாதத்தில். இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. பெருநடுவர் குழு பிறந்த இங்கிலாந்திலோ 1933-லேயே அதை ஒழித்துவிட்டார்கள்.

இலங்கையில் கதை வேறு. அங்கே பாரதூரமான வழக்குகளில் குற்றப்பத்திரத்தை மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவர் சட்டமா அதிபர். பொலிஸார் அனுப்பும் விசாரணைக் கோப்பைச் சட்ட அதிகாரிகள் படித்துப் பார்த்த பிறகே அது எழுதப்படுகிறது. நம் ஊர்க் குற்றப்பத்திரிகையின் பெயரை ஒத்திருந்தாலும் அதன் இடம் வேறு. அங்கு 'உயர் நீதிமன்றம்' என்று சொல்வது நாட்டின் உச்ச நீதிமன்றத்தை என்பதையும் நம் செய்திப் பிரிவினர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. குற்றப்பத்திரிகை என்றால் தாக்கல் செய்த அமைப்பின் பெயரும், குற்றச்சாட்டு வனையப்பட்டது என்றால் அந்த நீதிமன்றத்தின் பெயரும் தலைப்பிலோ முதல் வரியிலோ இடம்பெற வேண்டும். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுத வேண்டும். இடம் போதாத தலைப்புகளில் பெயரை மட்டும் போடலாம், 'குற்றவாளி' என்று சுருக்கக் கூடாது. விடுவிப்பையும் விடுதலையையும் பிரித்து எழுத வேண்டும். குற்றப்பத்திரிகைச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டிருந்தால், அந்த வழக்கில் வரும் விடுவிப்பையோ விடுதலையையோ அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் மிக அழுத்தமாகவே முன்வைக்கிறேன். ஏனென்றால் விடுதலை பெற்றவர்கள் தீர்ப்பு நகலுக்காக எங்கள் பிரிவுக்கு வரும்போது, நீதிமன்றம் சொன்னது ஊருக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இவற்றோடு வழக்கு எண்ணையும் ஒவ்வொரு செய்தியிலும் சேர்த்தால் பேருதவியாக இருக்கும். ஒரே கொலை வழக்கு காவல் நிலையத்தில் குற்ற எண்ணாகவும், நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. (பூர்வாங்கப் பதிவேட்டு வழக்கு) எண்ணாகவும், அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) எண்ணாகவும் மாறிச் செல்கிறது. எண்ணின் வகையைப் பார்த்தாலே வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது விளங்கிவிடும். நீதிமன்றங்கள் இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். அடையாளம் ஒன்றைத் தருகின்றன. அதை அச்சிட்டுவிட்டால், அடுத்த வாய்தா என்று, குற்றச்சாட்டு வனையப்பட்டதா, தீர்ப்பு வந்ததா என்பதை எந்த வாசகரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நீதிமன்றப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்